காலையில் கடிதம் கொண்டு வந்த மனிதர்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்புகிற பெற்றோரும், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களும் ஆறுதலாக வாசித்தால் போதும். அவசரமில்லை.

கடந்த வாரம் பாடசாலை விட்ட நேரம் ஒரு வாப்பா என்னைத் தேடி வந்தார். மகன் பத்தாம் ஆண்டு. உதைபந்தாட்டமும் விளையாடுகிறான், கிரிக்கெட்டும் விளையாடுகிறான். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"சேர், இவனுக்குப் பொழுதண்டைக்கும் பந்துதான். ஒண்டு கிரிக்கெட், இல்லாட்டி ஃபுட்போல். ரெண்டும் சரிவராது எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்."

"பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஆர்தர் மில்டன்.

இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் சர்வதேசப் போட்டிகளில் ஆடிய ஆண்கள் மொத்தம் 12 பேர். அதில் கடைசியானவர் மில்டன். அவருக்குப் பிறகு இன்றுவரை பதின்மூன்றாவது ஆள் வரவில்லை. இனி வருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை.

1928 மார்ச் 10ஆம் திகதி, இங்கிலாந்தின் மேற்கே உள்ள துறைமுக நகரமான பிரிஸ்டலில் பிறந்தார். பெட்மின்ஸ்டர் என்ற பகுதி. கொத்தம் கிராமர் பாடசாலையில் படித்தார். அவர் பாடசாலையில் இருந்த காலம் இரண்டாம் உலகப் போர்க் காலம். பிரிஸ்டல் நகரம் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் கடுமையாக அடிபட்ட நகரங்களில் ஒன்று. அந்தச் சூழலில்தான் அவர் பந்தடிக்கப் பழகினார்.

போர் முடிந்த 1945இல் இலண்டனின் ஆர்சனல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இடையில் கட்டாய இராணுவ சேவை. அதை முடித்துக்கொண்டு வந்து, 1948இல் தன் சொந்த மாவட்டமான குளொஸ்டர்ஷயர் அணிக்காகக் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார். குளிர்காலத்தில் இலண்டனில் உதைபந்தாட்டம், கோடையில் பிரிஸ்டலில் கிரிக்கெட். இரண்டும் அவருக்குச் சம்பளத் தொழில். பொழுதுபோக்கு அல்ல.

இது எப்படிச் சாத்தியமானது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, நாட்காட்டி. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் உதைபந்தாட்டப் பருவம் ஓகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி மே மாத முற்பகுதியில் முடியும். கவுண்டிக் கிரிக்கெட் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முற்பகுதியில் முடியும். ஆரம்பத்திலும் முடிவிலும் சில வாரங்கள்தான் ஒன்றோடொன்று முட்டும். அந்தச் சில வாரங்களில் ஒரு கழகம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும்.

இரண்டாவது, பணம். உதைபந்தாட்ட வீரருக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று அங்கே ஒரு உச்ச வரம்பு இருந்தது. 1951இல் அது வாரத்துக்கு 14 பவுண். கோடையில் ஆட்டம் இல்லாத காலத்தில் அதைவிடக் குறைவு. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த வீரனும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. அறுபதாயிரம் பேர் டிக்கட் எடுத்து வந்து பார்க்கிற வீரன், ஆட்டம் முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போன காலம் அது. அப்படிப்பட்ட ஒருவர் கோடையில் கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்தால் அது அவருடைய குடும்பத்துக்கு நல்லதுதானே. கழகங்களும் பெரிதாக மறுக்கவில்லை.

அதிலும் ஆர்சனல் இதற்குப் பெயர்போன கழகம். 1950இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற ஆர்சனல் அணியில் டெனிஸ் கொம்ப்டன், லெஸ்லி கொம்ப்டன் என்று இரண்டு சகோதரர்கள். இருவருமே மிடில்செக்ஸ் அணியின் கிரிக்கெட் வீரர்கள். டெனிஸ் 1947ஆம் ஆண்டு ஒரே கோடையில் 3,816 ஓட்டங்களும் 18 சதங்களும் அடித்தவர். அந்தச் சாதனைகளை இன்றுவரை யாரும் தொடவில்லை. அவர் உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்துக்கு ஆடியது போர்க்கால ஆட்டங்களில் என்பதால் அது உத்தியோகபூர்வக் கணக்கில் சேராது. அதனால்தான் அந்தப் பன்னிரண்டு பேரில் அவர் பெயர் இல்லை. மில்டன் உட்கார்ந்த உடைமாற்றும் அறை அப்படிப்பட்ட அறை.

1951 மார்ச்சில் மில்டன் ஆர்சனல் முதல் அணிக்கு வந்தார். வலது விங்கில் ஓடுகிற வேகமான முன்கள வீரர். அதே வருடம் நவம்பர் 28ஆம் திகதி இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்துவிட்டது. வெம்ப்ளி மைதானம். எதிரணி ஒஸ்திரியா, அந்த நேரம் ஐரோப்பாவின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஸ்டான்லி மெத்யூஸ், டொம் ஃபின்னி என்ற இரண்டு மேதைகள் அதே வலது விங்குக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மில்டனுக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம், அதுவே கடைசியும். மறுபடி அழைப்பு வரவில்லை.

ஒரே ஒரு ஆட்டம். ஆனால் மனிதர் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. 1952-53 பருவத்தில் ஆர்சனல் முதலாம் பிரிவுச் சம்பியனானது. பிரெஸ்டன் அணியும் ஆர்சனலும் ஆளுக்கு 54 புள்ளிகள். கோல் சராசரியில் மயிரிழை வித்தியாசத்தில் கிண்ணம் ஆர்சனலுக்கு. அந்தப் பருவத்தில் மில்டன் 25 லீக் ஆட்டங்களில் ஆடியிருந்தார்.

1955இல் சொந்த ஊர்க் கழகமான பிரிஸ்டல் சிட்டிக்கு மாறினார். அந்த அணி தன் பிரிவில் சம்பியனாகி மேலே போக உதவினார். அந்தப் பருவத்தோடு உதைபந்தாட்டத்துக்கு விடை கொடுத்தார். வயது 27தான். ஒரு முன்கள வீரனுக்கு இன்னும் நாலைந்து வருடம் ஓட்டம் மிச்சமிருக்கிற வயது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவரும் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்தார். ஆனால் இரண்டையும் பத்து வருடம் ஆடிப் பார்த்த பிறகு, தன் உடம்பையும் மனதையும் தானே அறிந்துகொண்ட பிறகு, தானாகவே தேர்ந்தெடுத்தார். பதினாலு வயதில் வேறொருவர் வந்து அவருக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்தத் தேர்வுக்குப் பலன் கிடைக்க மூன்று வருடம் ஆனது. 1958 ஜூலை, லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம். நியூசிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். முதல் இரண்டு நாட்களும் மழை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மூன்றாவது நாள் ஈரமான ஆடுகளத்தில் ஜிம் லேக்கரும் டொனி லொக்கும் சுழற்றி எடுத்தார்கள். நியூசிலாந்து 67 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அடுத்து இங்கிலாந்தின் ஆட்டத்தைத் தொடங்க இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் மில்டன், உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்துக்கு ஆடியவர். மற்றவர் எம்.ஜே.கே. ஸ்மித், ரக்பியில் இங்கிலாந்துக்கு ஆடியவர். இப்படி ஒரு ஆரம்ப ஜோடியை இனி எந்த நாட்டில் பார்ப்போம்?

ஸ்மித் சீக்கிரமே ஆட்டமிழந்தார். மில்டன் நின்றார். ஆட்டமிழக்காமல் 104. தலைவர் பீட்டர் மே ஆட்டமிழக்காமல் 113. இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 267 என்ற நிலையில் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. நியூசிலாந்து இரண்டாவது இனிங்ஸில் 129. ஒரு இனிங்ஸாலும் 71 ஓட்டங்களாலும் இங்கிலாந்துக்கு வெற்றி. கன்னி டெஸ்டில் சதம் அடித்தார் மில்டன். அதுமட்டுமல்ல, எதிரணி ஆடும்போது களத்தடுப்பு, தன் அணி ஆடும்போது ஆட்டமிழக்காமல் துடுப்பாட்டம். ஆக, அந்த டெஸ்டில் வீசப்பட்ட ஒவ்வொரு பந்துக்கும் அவர் மைதானத்தில் இருந்தார். குளொஸ்டர்ஷயர் வீரர் ஒருவர் கன்னி டெஸ்டில் சதம் அடித்தது அதற்கு முன் 1880இல். அந்த வீரர் யார் தெரியுமா? சாட்சாத் டபிள்யூ.ஜி. கிரேஸ்.

கதை இத்தோடு உச்சிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வருடக் கடைசியில் அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம். அங்கே விரல் முறிந்தது. 1959இல் இந்தியாவுக்கு எதிராக இரண்டு டெஸ்ட். அதோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 6 டெஸ்ட், 204 ஓட்டங்கள். அதில் பாதிக்கு மேல் அந்த முதல் இனிங்ஸிலேயே வந்தது.

ஆனால் தன் ஊர் அணிக்காக அவர் 1974 வரை ஆடினார். அப்போது வயது 46. முதல்தர கிரிக்கெட்டில் 32,150 ஓட்டங்கள், 56 சதங்கள், 750க்கு மேல் பிடிகள். 1967இல், 39 வயதில், ஒரே பருவத்தில் 2,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தார். பெரிய வெளிச்சம் எதுவுமில்லாமல் 26 வருடம் ஒரே ஊருக்காக ஆடுவது எப்படிப்பட்டது என்பது ஒரே பாடசாலையில் 26 வருடம் படிப்பித்த ஆசிரியருக்கு நன்றாக விளங்கும்.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஓய்வுபெற்ற பிறகு மில்டன் தபால்காரரானார். ஆம், பிரிஸ்டல் நகரத் தெருக்களில் அதிகாலையில் சைக்கிளில் போய்க் கடிதம் விநியோகிக்கிற தபால்காரர். வெம்ப்ளியில் ஒஸ்திரியாவுக்கு எதிராக ஓடியவர், லோர்ட்ஸில் டெஸ்ட் ஆடியவர், மற்றவர்களின் கடிதக் கட்டோடு வாசல் வாசலாகப் போனார். இதைக் கேட்டதும் நம்மில் பலர் "ஐயோ பாவம்" என்போம். அங்கேதான் நாம் தவறுகிறோம். அவர் அந்த வேலையை நேசித்துச் செய்தார். விடியற்காலைக் காற்றும், நகரம் கண்விழிக்கும் முன் சைக்கிளில் போவதும் அவருக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்றால், 1988இல் 60 வயதாகி தபால் சேவையிலிருந்து ஓய்வுபெற வேண்டி வந்தபோது, வீட்டில் இருக்க முடியாமல் பத்திரிகை போடுகிற வேலையை எடுத்துக்கொண்டார். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் செய்கிற வேலை. அதைத் தன் எழுபதுகளிலும் செய்துகொண்டிருந்தார்.

2002இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. மாஷா அல்லாஹ். உழைப்பில் உயர்வு தாழ்வு பார்க்காதே என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறோம. அதே வாயால், பந்தின் பின்னால் ஓடினால் கடைசியில் சைக்கிளில்தான் திரிவாய் என்று பிள்ளையைப் பயமுறுத்தவும் செய்கிறோம். சைக்கிளில் திரிவதில் என்ன குறை என்று மில்டன் கேட்டிருப்பார்.

மில்டனுக்குப் பிறகு ஏன் வேறு யாரும் வரவில்லை? 1961இல் உதைபந்தாட்ட வீரர்களின் சம்பள உச்சவரம்பு நீக்கப்பட்டது. அது நியாயமான மாற்றம். வீரர்கள் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் பணம் கூடக்கூட, வீரன் வருடம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்று கழகங்கள் நினைக்கத் தொடங்கின. கிரிக்கெட்டிலும் 1963இல் ஒருநாள் கிண்ணப் போட்டி, 1969இல் ஞாயிறு லீக் என்று ஆட்டங்கள் பெருகின. இரண்டு பருவங்களும் நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

அப்படியும் விடாப்பிடியாகச் சிலர் இருந்தார்கள். கிறிஸ் போல்டர்ஸ்டோன் என்பவர் 1975 செப்டெம்பர் 15ஆம் திகதி செஸ்டர்ஃபீல்டில் லெஸ்டர்ஷயர் அணிக்காக நாள் முழுக்கக் கிரிக்கெட் ஆடி, மாலையில் 51 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். உடனே காரில் ஏறி டொன்காஸ்டர் நகருக்குப் போய் அன்றிரவே பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக லீக் உதைபந்தாட்டம் ஆடினார். அது 1-1. மறுநாள் காலை திரும்பி வந்து சதத்தைப் பூர்த்தி செய்தார். லெஸ்டர்ஷயர் தன் முதலாவது கவுண்டிச் சம்பியன் பட்டத்தை வென்றது அந்த ஆட்டத்தில்தான்.

ஆர்தர் மில்டன் 2007 ஏப்ரல் 25ஆம் திகதி, 79 வயதில் காலமானார். அவரோடு அந்தக் காலமும் முடிந்தது என்று எழுதியவர்கள் பலர்.

ஆனால் முடிந்ததா? அவர் இறந்து மூன்று மாதம் ஆகவில்லை. அதே 2007 ஜூலை 22ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 16 வயதுப் பாடசாலை மாணவி ஒருத்தி தன் நாட்டுக்காக முதல் கிரிக்கெட் போட்டியில் இறங்கினாள். இரண்டு வாரம் கழித்து, ஓகஸ்ட் 4ஆம் திகதி, ஹொங்கொங்குக்கு எதிராக அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட அணியிலும் இறங்கி, இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தாள். எலிஸ் பெரி. பிற்காலத்தில் கிரிக்கெட் உலகக் கிண்ணம், உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் இரண்டிலும் ஆடினார். 2011 உதைபந்தாட்ட உலகக் கிண்ணக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராக அவர் அடித்த கோலை என் பிள்ளைகளுக்கு வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் அவருடைய கழகமும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றுதான் கேட்டது. அவர் கழகத்தை மாற்றினாரே தவிர, அன்றைக்கு ஆட்டத்தை விடவில்லை. கிரிக்கெட் மட்டும் போதும் என்ற நிலைக்குப் பிறகு ஒருநாள் அவராக வந்து சேர்ந்தார். மில்டனைப் போலவே.

இப்போது அந்தத் தூக்கம் வராத இரவுக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். இரண்டு ஆட்டமும் ஆடினான். இரண்டிலும் கெட்டிக்காரன். அப்போது கிரிக்கெட் அணிக்குப் பொறுப்பு நான். இரண்டு அணிகளுக்கும் ஒரே நாளில் பயிற்சி விழுந்தது. நாளை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனைக் கூப்பிட்டு, "மகன், ரெண்டு தோணியில கால் வைக்கேலாது. ஃபுட்போலை விடு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். உதைபந்தாட்டத்தை விட்டான். அடுத்த தவணையில் கிரிக்கெட்டையும் விட்டான். அதற்கடுத்த வருடம் பாடசாலைக்கு வருவதே குறைந்துபோனது. அவனைப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு வந்தது உதைபந்தாட்டம்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பாடத்துக்காக வந்த பிள்ளை அல்ல அவன். ஆட்டத்துக்காக வந்து, வந்த இடத்தில் பாடமும் படித்த பிள்ளை.

எல்லாப் பிள்ளையும் மில்டன் ஆகப்போவதில்லை. அது எனக்கும் தெரியும். அந்த மாணவனும் ஆகியிருக்க மாட்டான். ஆனால் இங்கே கேள்வி அதுவல்ல. பிள்ளைக்கு நேரம் இல்லையா, அல்லது நம் நேரசூசியில் பிள்ளைக்கு இடம் இல்லையா? ஆர்சனலுக்கும் குளொஸ்டர்ஷயருக்கும் இடையில் சில வாரம் விட்டுக்கொடுக்க ஆள் இருந்தார்கள். அதனால் ஒரு மில்டன் கிடைத்தார். என் பாடசாலையில் ஒரு பயிற்சி நாளை விட்டுக்கொடுக்க நான் இருக்கவில்லை.

அந்த வாப்பாவிடம் நேற்று பேசினேன். பையனை எதையும் விடச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பதிலாக ஒரு ஒப்பந்தம்: திங்களும் புதனும் உதைபந்தாட்டம், செவ்வாய் கிரிக்கெட், வியாழன் மாலை என்னோடு கணிதம். மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். தவணைப் புள்ளி இறங்கினால் மூவரும் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். வாப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வெள்ளி, சனி?" என்றார். "அது அவனுடைய நாள்" என்றேன். சிரித்துவிட்டார். உதைபந்தாட்டப் பொறுப்பாசிரியரும் பயிற்சி நாளை மாற்றச் சம்மதித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

ஆசிரியச் சகோதர சகோதரிகளே, உங்கள் பாடசாலையிலும் இரண்டு பயிற்சி ஒரே நாளில் விழுகிறதா என்று ஒருதரம் பாருங்கள். விழுந்தால், பிள்ளையைக் கூப்பிடும் முன் மற்ற ஆசிரியரைக் கூப்பிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் மைதானத்தில் ஒரு நேரம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். எலிஸ் பெரிக்கும் அந்த வயதில் பாடசாலை இருந்தது, பரீட்சை இருந்தது.

என்னிடம் படித்த அந்தப் பழைய மாணவன் இதை வாசித்தால், மகனே, அன்றைக்கு நான் சொன்னது பிழை. மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பழைய மாணவர்கள் மைதானத்தில் ஆடுகிறார்கள். வா. எந்தப் பந்தென்றாலும் சரி.

வஸ்ஸலாம்.